கையுறை விரிந்தால்

"இப்ப என்ன பந்து?"

"மெதுப்பந்து."

"தப்பு. வேகம். சரி, இப்ப?"

"கிளவுஸ் மூடியிருக்கு. அப்ப வேகம்."

"அதுவும் தப்பு!" வெண்டல் சிரித்தான். அவன் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

"நல்லாருக்கு. கட்டின பொண்டாட்டிய ஏமாத்திட்டுச் சிரிக்கிறான். வெண்டல், கடையில கல்யாணக் கேக்கு காத்துக் கெடக்கு. மத்தியானத்துக்குள்ள க்ரீம் பூசி முடிக்கலன்னா கடக்காரம்மா என்னையே வெட்டித் தட்டுல வச்சிடும்."

"இன்னும் ஒரே ஒரு தடவ, மார்லிஸ். அந்தத் தொடப்பத்த மட்ட மாதிரி பிடி. நீதான் ஆர்லோ. என் கையையே பாரு."

மார்லிஸ் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் துடைப்பத்தைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். எதிரே குளிர்பெட்டியில் முதுகு உரச, காலுறையோடு வெண்டல் நின்றான். மார்போடு அணைத்த கையுறை, அதற்குள் வலது கை, கைக்குள் பந்து. சமையலறை அவ்வளவுதான். வெல்ட்டன் ஊர்க் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே யாரோ ஆணி எடை போடும் சத்தம் இங்கே கேட்கும்.

வெண்டலிடம் இருந்தது இரண்டே பந்துதான். ஒன்று வேகம். அதுவும் அப்படியொன்றும் பயங்கர வேகம் இல்லை. இன்னொன்று அதே கைவீச்சில் கிளம்பி, தாமதமாக வந்து சேரும் மெதுப்பந்து. வேகத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே மட்டையை வீசுகிறவன் காற்றைத்தான் அடிப்பான். இந்த ஏமாற்று ஒன்றை வைத்துத்தான் நெப்ராஸ்காவின் ஒரு பள்ளிக்கூட பேஸ்பால் மைதானத்திலிருந்து சம்பளம் வாங்கி ஆடும் இடம்வரை வந்திருந்தான். எது வரப்போகிறது என்று எதிராளிக்கு முன்பே தெரிந்துவிட்டால் அவனிடம் ஒன்றுமே இல்லை.

அதைத்தான் அவன் கையுறை காட்டிக் கொடுத்தது. மெதுப்பந்துக்கு உள்ளங்கையில் ஆழமாக வைத்து, மூன்று விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கக் கையுறைக்குள் துழாவுவான். துழாவும்போது கையுறை விரியும். வேகப்பந்துக்கு மூடியே இருக்கும். முதல் வருஷம் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் ஆர்லோ. அவன் கேட்சர், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். 'டேய், கடைய தெறந்து வச்சுக்கிட்டு வியாபாரம் பண்றியே' என்று திட்டி, மாதக்கணக்கில் பழக்கி, மூடவைத்தான். ஆனாலும் கை ஓய்ந்துபோனால் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும்.

வசந்தம் முடியும்போது ஆர்லோவைக் கார்வர் ஊர் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெண்டல் எறிந்த ஆட்டமெல்லாம் அடி. நாளை, ஞாயிற்றுக்கிழமை, கார்வர் அணி பஸ்ஸில் வந்து இறங்குகிறது.

"ஆர்லோ சொல்லியிருப்பான்னு உனக்கு என்ன நிச்சயம்?" என்றாள் மார்லிஸ்.

"எவன் வேற டீமுக்குப் போனாலும் மொத நாள் மேனேஜர் கூப்பிட்டுக் கேக்கறது அதத்தான். 'உன் பழைய பசங்களப் பத்தி என்ன தெரியும், சொல்லு.' எல்லாரும் சொல்லுவாங்க. நானா இருந்தா நானும் சொல்லுவேன். அது துரோகம் இல்ல, வேல."

"அவன் நம்ம கல்யாணத்துல உனக்குப் பக்கத்துல நின்னவன்."

"அதான் சொல்றேன். அவனுக்கு என்னை அவ்வளவு தெரியும். கார்வர்ல சொன்னது லீக் முழுக்கப் பரவியிருக்கு. இல்லன்னா எப்படி எல்லாரும் அடிக்கிறாங்க?"

"சரி, ஸ்கிப் என்ன சொன்னாரு, மறுபடியும் சொல்லு." ஸ்கிப் என்றால் அணியின் மேனேஜர். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

"எத்தன தடவ சொல்றது? 'ஞாயித்துக்கெழம நீ எறி. ஆட்டம் முடிஞ்சதும் என் ரூமுக்கு வா'ன்னாரு."

"கோவமா சொன்னாரா, சாதாரணமாவா?"

"சாதாரணமா."

"அதான் பயமா இருக்கு."

வெண்டல் பந்தைக் கையுறைக்குள் உருட்டினான். அந்த அறைக்குப் போய்விட்டு வந்து, அலமாரியைக் காலி செய்து, யாரையும் பார்க்காமல் நடந்து போனவர்களை அவனும் பார்த்திருக்கிறான். வெல்ட்டன் போல ஓர் ஊர் அணி கைவிட்டவனை வேறு எந்த அணியும் எடுக்காது. மார்லிஸின் அப்பா டிராக்டர் விற்கும் இடத்தில் இவன் வேலைக்கு ஒருவரிடம் ஏற்கனவே பேசிவைத்திருந்தார்.

"ஆக, நாளைக்கு எல்லாத்தையும் தலைகீழா பண்ணப்போற. விரிச்சா வேகம், மூடினா மெது."

"ஆமா. அவங்க கிளவுஸப் பாத்து அடிக்க வந்தா அவ்வளவுதான், செத்தாங்க. உனக்கு மட்டும்தான் தெரியும். கேட்சருக்குக்கூட சொல்லல."

"ஆர்லோ வந்தா ரோண்டாவும் வருவாளே நாளைக்கு. எம்பக்கத்துலதான் உக்காருவா."

"உக்காரட்டும்."

"அவகிட்ட நான் என்னத்த பேசறது?"

"வழக்கமா என்ன பேசுவீங்களோ அத," என்றான் வெண்டல். "இப்ப என்ன பந்து?"

*

ஆர்லோவின் மனைவி ரோண்டா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் ஒரு மூட்டைப் பையோடு படியேறி வந்தாள். மட்டைக்காரர்கள் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், கம்பிவலைக்கு இப்புறம் ஆட்டக்காரர் மனைவிகளுக்கு என்று ஒரு வரிசை உண்டு. வெளியூர் அணி, உள்ளூர் அணி என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது.

"அடியே மார்லிஸ்! எளச்சுப் போயிட்டியேடி. கேக்குக் கடையில வேல பாக்கிறவ இப்படியா இருப்பா?"

"நீ மட்டும் என்னவாம்? மிஸ்ஸிய குடு இங்க. அய்யோ, என்ன கனம்!"

"அவளுக்கு மட்டும் சாப்பாடு எறங்குது. எங்க ரெண்டு பேருக்கும் எறங்கல." ரோண்டா உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "காரு வேற வழியில ரெண்டு தடவ நின்னுச்சு. ஆர்லோ பஸ்ல வந்துட்டான். உனக்கு ஹலோ சொல்லச் சொன்னான். வெண்டலுக்கும்."

"ஆர்லோ எப்படி இருக்கான்?"

"கேக்காத. மட்டையில அடி ஒண்ணும் விழல. காலேஜ்லேர்ந்து புதுசா ஒரு கேட்சரப் பிடிச்சுப் போட்டிருக்காங்க, இந்த வாரம் வந்து சேர்றானாம். ஆறடிக்கு மேல இருக்கானாம். ரெண்டு பேர வச்சுக்க மாட்டாங்க. இன்னிக்கி ஆர்லோ அடிச்சுக் காட்டலன்னா..." முடிக்காமல் ஒரு சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள். "வெண்டல்?"

"அதேதான். ஆட்டம் முடிஞ்சதும் ரூமுக்கு வரச் சொல்லியிருக்காரு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரோண்டா விதைப் பொட்டலத்தை நீட்டினாள். மார்லிஸ் எடுத்துக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து மணிச்சத்தம் காதைப் பிளந்தது. பெர்னீஸ் வந்துவிட்டாள். மாட்டுக் கழுத்துமணி ஒன்றை எல்லா ஆட்டத்துக்கும் கொண்டுவந்து ஆட்டுகிறவள். கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறாள். வாய் மணியைவிடப் பெரிது.

"என்னங்கடி கண்ணுங்களா, ஒருத்தி புருஷன் எறியறான், இன்னொருத்தி புருஷன் அடிக்கிறான்! நீங்க யாருக்குக் கைதட்டப்போறீங்க?"

"பாப்பாவுக்கு," என்றாள் ரோண்டா.

"அதுதான் சரி. மார்லிஸ், உன் வீட்டுக்காரன் இன்னிக்காவது பந்த வேலிக்கு இந்தப் பக்கம் வச்சுக்குவானா? போன வாரம் அவன் குடுத்த ஒரு பந்து என் கடை வாசல்ல வந்து விழுந்துச்சு."

"உங்க கட மைல் கணக்குல தள்ளியில்ல இருக்கு."

"அதான் சொல்றேன்!"

மார்லிஸ் சிரித்துவைத்தாள். குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

வெண்டல் மைதான நடுவில் பந்தெறியும் மேட்டில் ஏறினான். முதல் மட்டைக்காரன் வந்து நின்றான். கையுறை மார்புக்கு வந்தது. விரிந்தது. தெரிந்தவன் பார்த்தால் மெதுப்பந்து என்று சத்தியம் செய்வான். வந்தது வேகம். மட்டைக்காரன் வீசினான், பந்து மட்டையின் மேல்விளிம்பில் உரசி, நேர் பின்னால் பறந்து, மார்லிஸ் முகத்துக்கு எதிரே கம்பிவலையில் அறைந்தது.

"அம்மாடி!" என்று ரோண்டா குழந்தையின் தலையைக் கையால் மூடினாள்.

மார்லிஸ் அசையவில்லை. பந்து நேர் பின்னால் வந்தது என்றால் அவன் சரியான நேரத்துக்கு வீசியிருக்கிறான். மெதுப்பந்துக்குக் காத்திருந்தவன் தாமதமாக வீசியிருப்பான். இவன் எதற்கும் காத்திருக்கவில்லை. இவன் கையுறையைப் பார்க்கவே இல்லை.

இரண்டாமவனுக்கும் கையுறை விரிந்தது, வேகம் வந்தது. அவன் அதை மூலையில் தட்டி இரண்டாம் தளம்வரை ஓடினான். அடுத்து ஒருவன் தட்ட, ஓடியவன் உள்ளே வந்து சேர்ந்தான். கார்வருக்கு ஒரு ரன்.

"கட தெறந்தாச்சு!" என்று பெர்னீஸ் மணியை ஆட்டினாள்.

"என்ன மார்லிஸ், வேர்க்குது உனக்கு?" என்றாள் ரோண்டா.

"வெயில்."

வெயில்தான். ஆனால் அவள் யோசித்தது வேறு. எவனும் ஏமாறவில்லையே. இவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையா? இத்தனை நாள் அடிவாங்கியது கையுறையால் இல்லை என்றால், அப்புறம் எதனால்? சும்மா பந்தே அவ்வளவுதானா?

எப்படியோ அந்த இன்னிங்ஸ் ஒரே ரன்னோடு முடிந்தது. வெல்ட்டன்காரர்கள் திருப்பி இரண்டு அடித்தார்கள். இரண்டாம் இன்னிங்ஸில் ஆர்லோ வந்தான். குட்டையான, அகலமான ஆள். மட்டையால் காலணியைத் தட்டி மண் உதிர்த்துவிட்டு, மேட்டைப் பார்த்துத் தொப்பி விளிம்பைத் தொட்டான். வெண்டலும் தொட்டான்.

"ஒண்ணா ஒரே தட்டுல சாப்பிட்டவனுங்க," என்றாள் ரோண்டா. "இப்பப் பாரு, கண்டும் காணாத மாதிரி."

கையுறை விரிந்தது. வேகப்பந்து வந்தது. பந்து கேட்சர் கையில் சத்தமாக விழுந்த பிறகுதான் ஆர்லோவின் மட்டை அசைந்தது.

"என்ன இது?" என்றாள் ரோண்டா. "தூங்கறானா?"

மறுபடி விரிந்தது. மறுபடி வேகம். ஆர்லோ பாதி வீசி நிறுத்தினான். இரண்டு ஸ்ட்ரைக். மூன்றானால் வெளியே. அவன் ஒரு அடி விலகி, வெண்டலை உற்றுப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

மூன்றாவதுக்குக் கையுறை மூடியே இருந்தது. மெதுப்பந்து வந்தது. ஆர்லோ அவ்வளவு முன்னால் வீசினான், மட்டை அவனையே ஒரு சுற்று சுற்றி மண்டியிட வைத்தது.

"மூணு!" என்று பெர்னீஸ் மணியோடு சேர்ந்து அலறினாள். "ஒக்காருடா ராஜா! நாற்காலி வேணுமா?"

"வேகப்பந்த அடிக்கிறதுதான்டி இவன் பொழப்பே," என்றாள் ரோண்டா. "வேற எதுவும் தெரியாது இவனுக்கு. அதக்கூட விட்டுட்டானே. ஏன்டி?"

ஏன் என்று மார்லிஸுக்குத் தெரியும். இந்த மைதானத்தில் கையுறையைப் பார்த்து அடிக்க வந்தவன் ஒரே ஒருவன்தான்.

"ரோண்டா," என்றாள் மெதுவாக. "அங்க போனதும் ஆர்லோகிட்ட கேட்டிருப்பாங்களே, வெண்டலப் பத்தி."

"கேட்காம? மொத நாளே அந்த மேனேஜர் ஆபீஸுக்குக் கூப்பிட்டாரு. 'உன் ஃப்ரெண்டு எறியறத எப்படிக் கண்டுபிடிக்கிறது'ன்னு. இவன் 'ஒண்ணும் தெரியாது சார், நல்லா எறிவான்'னுட்டான். மூணு வருஷம் ஒண்ணா இருந்தவனுக்கு ஒண்ணும் தெரியாதாம்! யாரு நம்புவா? ஒரு வாரம் பெஞ்சுல ஒக்கார வச்சுட்டாரு. அப்ப ஆரம்பிச்சதுதான் எல்லாம்." ரோண்டா விதையைத் துப்பினாள். "நான் சண்ட போட்டேன். 'சொல்லித் தொலயேன்டா, இதென்ன ராணுவ ரகசியமா'ன்னேன். 'மார்லிஸ் மூஞ்சிய எப்படிப் பாக்கறது'ங்கறான்."

மடியிலிருந்த குழந்தை மார்லிஸின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அவள் விடுவிக்கவில்லை.

"உனக்கு என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

இன்னிங்ஸ் முடிந்து வெண்டல் மேட்டிலிருந்து இறங்கினான். வழக்கமாகத் தலை குனிந்து போகிறவன், இன்று வலைக்கு அருகே வந்து மேலே பார்த்தான். அவனும் கண்டுகொண்டுவிட்டான். மார்லிஸ் தலையை மட்டும் ஒருமுறை அசைத்தாள்: ஆமாம், அவன் யாருக்கும் சொல்லவில்லை. வெண்டல் கையுறையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

*

ஆர்லோ இரண்டாவது முறை வந்தபோது வெண்டல் புதிதாக ஒன்று செய்தான். கையுறையை மார்பில் வைக்காமல் முகம்வரை தூக்கி, முதுகை முக்கால்வாசி திருப்பிக்கொண்டு பிடித்தான். விரிகிறதா மூடியிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

"இது என்னடி புது ஸ்டைலு?" என்றாள் ரோண்டா.

"தெரியலயே," என்றாள் மார்லிஸ். தெரிந்திருந்தது. நண்பனிடம் பொய்க் கையுறையைக் காட்ட வெண்டலுக்கு மனம் வரவில்லை. ஐயோ, இப்போதா இதெல்லாம் பார்ப்பது என்று அவள் மனசுக்குள் திட்டினாள். பார்க்காவிட்டால் அவனைத் தனக்குப் பிடித்திருக்குமா என்றும் தெரியவில்லை.

ஆர்லோ அடித்தான். பந்து போனது, போனது, இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். வேலியோரம் ஒருவன் தாவிப் பிடித்தான். ரோண்டா உட்கார்ந்தாள். மார்லிஸும் உட்கார்ந்தாள். அவள் மூச்சு விட்டது ரோண்டாவுக்குக் கேட்டிருக்கும். ரோண்டா விதைப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஏழாவது இன்னிங்ஸில் வெண்டலின் கை ஓய்ந்துவிட்டது. பந்து குறி தவறியது. இரண்டு பேரை எப்படியோ வெளியே அனுப்பினான், இன்னும் ஒருவன்தான் பாக்கி. அதற்குள் மூன்று தளத்திலும் ஆள் நின்றார்கள். வெல்ட்டன் இன்னும் ஒரே ரன் முன்னால். ஒரு அடி விழுந்தால் எல்லாம் போச்சு. அடுத்து வருகிறவன் ஆர்லோ.

ஸ்கிப் வெளியே வந்து மேட்டை நோக்கி நடந்தார்.

"வெண்டல எடுத்துடுவாரா?" என்றாள் ரோண்டா.

"தெரியல."

"நான் சொல்றேன் கேளுங்க," என்று பெர்னீஸ் பின்னாலிருந்து குனிந்தாள். "அவரு 'கை எப்படிடா இருக்கு'ம்பாரு. இவன் 'நல்லாருக்கு ஸ்கிப்'னு பொய் சொல்லுவான். அவரு 'உங்க அம்மா மேல சத்தியமா'ம்பாரு. இவன் மண்ண ஒதப்பான். பாரு, ஒதக்கிறான் பாரு! எல்லா மேட்டுலயும் இதேதான் பேச்சு."

ஸ்கிப் ஆர்லோவைத் திரும்பிப் பார்த்தார். வெண்டலின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். பந்து வெண்டலின் கையிலேயே இருந்தது.

"விட்டுட்டாரு," என்றாள் மார்லிஸ். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கே புரியவில்லை.

ரோண்டா குழந்தையை வாங்கிக்கொண்டாள். "என் புள்ளய நானே வச்சுக்கறேன்."

"வச்சுக்கோ."

முதல் நான்கு பந்திலும் முகத்தை மறைத்துத்தான் பிடித்தான் வெண்டல். ஒன்று எங்கோ வெளியே போனது. ஒன்றை ஆர்லோ வலைக்கு அடித்தான். இன்னொன்று வெளியே. இன்னொன்று வலையில். வலைக்கு அடித்தாலும் ஸ்ட்ரைக்தான். இரண்டு ஸ்ட்ரைக். வெண்டலின் தோள் தொங்கிவிட்டது. கையுறையை முகம்வரை தூக்கக்கூட வலு இல்லை போலும். பழையபடி மார்பிலேயே நின்றது.

விரிந்தது.

மார்லிஸ் இருக்கையின் விளிம்பைப் பிடித்தாள். இது வேண்டுமென்றே விரித்ததா? அப்படியானால் வேகம் வரும். ஆர்லோ முதல் தடவை பட்ட அடியை மறந்திருக்க மாட்டான், வேகத்துக்குத் தயாராக இருப்பான், அடித்து நொறுக்குவான். இல்லை, களைப்பில் தானாக விரிந்ததா? நேற்று சமையலறையில் அத்தனை தடவை பார்த்தவள். ஆனாலும் அவளால் சொல்ல முடியவில்லை.

பந்து கையை விட்டது. மெதுப்பந்து. தானாகத்தான் விரிந்திருக்கிறது.

ஆர்லோ வேகத்துக்கு வீசினான். முழு உடம்பையும் போட்டு வீசினான். பந்து அவன் வீசி முடித்த பிறகு, அவசரமே இல்லாமல், கேட்சர் கையில் வந்து உட்கார்ந்தது.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து கத்தினார்கள். ரோண்டா எழவில்லை. மார்லிஸும் எழவில்லை.

"போய்க் கைதட்டேன்டி," என்றாள் ரோண்டா. "உன் புருஷன்தானே."

*

ஆட்டம் ஒரு ரன் வித்தியாசத்திலேயே முடிந்தது. வண்டிகள் நிற்கும் சரளைக்கல் திடலில் கார்வர் பஸ் இன்ஜினை ஓடவிட்டு நின்றது. மார்லிஸும் ரோண்டாவும் ரோண்டாவின் காரில் சாய்ந்து நின்றார்கள். வெண்டல் ஈரத்தலையோடு வந்தான். தோளில் பனிக்கட்டிப் பொட்டலம் கட்டியிருந்தது.

"என்ன சொன்னாரு?" என்றாள் மார்லிஸ்.

"சனிக்கெழம பந்து எனக்குத்தானாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். 'கதவ சாத்திட்டுப் போ'ன்னாரு."

மார்லிஸ் அவன் முழங்கையைப் பிடித்தாள். சந்தோஷத்தைக் காட்ட இடமில்லை, பக்கத்தில் ரோண்டா.

ஆர்லோ வந்தான். நெற்றியில் மண் அப்படியே இருந்தது. மிஸ்ஸியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, வெண்டலைப் பார்த்தான்.

"நல்லா செஞ்சடா. மொத தடவ விரிச்சு வேகம், மூடி மெது போட்ட பாரு, அங்கயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சரி, தலைகீழா மாத்திட்டான் பயன்னு. கடைசில மறுபடி நேராக்கிட்ட. எப்படிடா தோணுச்சு உனக்கு? நான் கத்துக்குடுத்தவன், என்னையே முட்டாளாக்கிட்ட."

"தோணல," என்றான் வெண்டல்.

மார்லிஸ் அவன் முழங்கையை அழுத்தினாள். சொல்லாதே. வெண்டல் நிறுத்தவில்லை.

"கடைசிப் பந்துக்கு நான் விரிக்கல, ஆர்லோ. தானா விரிஞ்சுது. கை போயிடுச்சு. எனக்கே தெரியாது."

ஆர்லோ காலால் ஒரு சரளைக்கல்லைத் தள்ளினான். "அப்ப நான் பழசையே நம்பியிருந்தா..."

"அடிச்சிருப்ப."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்ற? இனிமேலும் உனக்கு எதிரா நான் ஆடணும். இன்னும் உன் கிளவுஸ் காட்டிக்குடுக்குதுன்னு நீயே வந்து சொல்றியா?"

"நீ உங்க மேனேஜர்கிட்ட சொல்லலன்னு தெரிஞ்சுது. நான் நீ சொல்லியிருப்பன்னு நெனச்சு வந்தேன்."

ஆர்லோ சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "பெரிய தியாகின்னு நெனச்சியா? எல்லார்கிட்டயும் சொன்னா எல்லாரும் அடிப்பானுங்க, எனக்கென்ன லாபம்? உன்ன நான் மட்டும் அடிச்சா அது என் கணக்குல ஏறும்னு வச்சிருந்தேன்."

"பொய்," என்றாள் ரோண்டா.

"பாதி பொய்," என்றான் ஆர்லோ.

பஸ்ஸின் கதவிலிருந்து ஒரு தலை நீண்டது. "ஆர்லோ டக்கெட்! மேனேஜர் கூப்பிடறாரு. இப்பவே."

ஆர்லோ நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டான். போய் ஏறினான். முன்சீட்டில் அந்த மேனேஜரின் வழுக்கைத்தலை ஜன்னலில் தெரிந்தது. பக்கத்தில் ஆர்லோ நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

ரோண்டா மார்லிஸின் கையைப் பிடித்தாள். "அனுப்பிடுவாங்கடி. எனக்குத் தெரியும். அந்தக் காலேஜ் பையன்..."

"இரு. அப்படியெல்லாம் இருக்காது."

"வேற எதுக்குக் கூப்பிடறாங்க?"

வேறு எதற்கென்று மார்லிஸுக்கும் ஒரு பயம் இருந்தது. கடைசியாக ஒரு வாய்ப்பு தருகிறேன், உன் நண்பனைப் பற்றிச் சொல் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாரோ? கேட்டால் இப்போது ஆர்லோவிடம் சொல்ல நிஜமாகவே ஒன்று இருக்கிறது. இதோ இப்போதுதான் வெண்டலே கொண்டுபோய்க் கையில் கொடுத்திருக்கிறான். சொன்னால் அவனுக்குச் சோறு. சொன்னால் இவர்களுக்குச் சனிக்கிழமையோடு சரி. ரோண்டா பார்த்த அதே ஜன்னலைத்தான் மார்லிஸும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்றாரு? உனக்குத் தெரியுதா வெண்டல்?" என்றாள் ரோண்டா.

"முதுகுதான் தெரியுது."

ஆர்லோ ஒருமுறை இல்லையென்று தலையாட்டினான். பிறகு இன்னொரு முறை ஆட்டினான். மேனேஜர் கையை விரித்தார்.

பஸ்ஸின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. டிரைவர் இறங்கி, குனிந்து, ஒரு நீளப் பையை இழுத்துச் சரளைக்கல்லில் வைத்தார். கேட்சரின் கால்காப்புகள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"சரி," என்றாள் ரோண்டா. அழவில்லை. "சரி. அப்ப சரி."

ஆர்லோ இறங்கி வந்தான். வெண்டல் எதிரே ஓடி அந்தப் பையை வலது கையால் தூக்கப் போனான்.

"அந்தக் கையால தூக்காதடா மடையா," என்று கத்தினான் ஆர்லோ. "சனிக்கெழம எறியணும் நீ." பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டான்.

வெண்டல் வெறுங்கையோடு நின்றான். "கேட்டாரா?"

"என்னத்த?"

"என்னப் பத்தி."

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன. இனிமே என்னை யாரு கேக்கப்போறாங்க?"

மார்லிஸுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஒன்று அந்தக் கணம் தளர்ந்தது. இனி ஆர்லோ சொல்ல ஆளில்லை. வெண்டலின் கையுறை பத்திரம். தன் தோள்கள் தாழ்ந்து இறங்குவதை அவளே உணர்ந்தாள். ரோண்டா பார்த்துவிட்டாளோ என்று சட்டென்று நிமிர்ந்துகொண்டாள்.

ரோண்டா காரின் பின்கதவைத் திறந்து நின்றாள். பின்சீட்டு முழுக்கக் குழந்தையின் துணி, பால்புட்டிகள், ஒரு மடக்குத் தொட்டில்.

"இத்தன பெரிய பைய எங்கடி வைக்கிறது?" என்றாள். "இவன் பஸ்ல வருவான்னுதானே இவ்வளத்தையும் அடச்சுக் கொண்டாந்தேன்."

"நகரு," என்றாள் மார்லிஸ். "நான் ஒதுக்கித் தர்றேன்."

குனிந்து தொட்டிலை வெளியே எடுத்தாள். நிமிராமலேயே வேலை செய்தாள்.